மண்டூர்த் துறையில் ஒரு தூதர்

குறுமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற பாதையில் வேலை பார்க்கும் நல்லரத்தினத்துக்கு ஊர் வைத்த பட்டம் தூதர். பாதை என்றால் எஞ்சின் பூட்டிய அகன்ற இரும்பு மிதவை. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் நெல்மூட்டைகளும் அதில் ஏறி அக்கரை போவார்கள், வருவார்கள். கயிறு அவிழ்ப்பது, கட்டுவது, ஏறுபலகையை இறக்குவது, தூக்குவது, இடையில் நின்று கதைப்பது, இவ்வளவும் அவர் வேலை. கடைசி வேலைக்குத்தான் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று பகிடி பண்ணுகிறவர்களும் உண்டு.

அவர் கதைப்பது ஊர்க்கதை என்றால் யாரும் பட்டம் வைத்திருக்க மாட்டார்கள். ஊர்க்கதை கதைக்காதவர் யார்? இவர் கதைப்பது சைப்ரஸ் தீவைப் பற்றி. அங்கே எந்தத் தலைவர் எந்தத் தலைவரோடு இருந்து பேசினார், எல்லைக்கோட்டைத் தாண்ட இன்னும் எத்தனை கடவை கேட்கிறார்கள், யார் தலையாட்டினார், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. மண்டூரில் ஏறிய மனிதர் குறுமண்வெளியில் இறங்குவதற்குள் ஐ.நா. அனுப்பிய ஆள் போன கிழமை என்ன அறிக்கை விட்டார் என்று தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். தப்ப வழியில்லை, சுற்றிவரத் தண்ணீர். மோட்டார் சைக்கிளில் சாரனும் சட்டைத்துணியும் கட்டிக்கொண்டு ஊரூராக விற்க வருகிற காத்தான்குடி றிஸான், முன்சக்கரம் பலகையில் ஏறும்போதே கேட்பான்.

"தூதர் அண்ணன், அங்க கதவு திறந்திட்டா?"

பேச்சு நடக்கிறது என்பார் நல்லரத்தினம். மூன்று வருஷமாக அதே கேள்வி, அதே பதில்.

பகிடி பண்ணுகிறவர்களுக்கும் காரணம் தெரியும். நல்லரத்தினத்தின் மனைவி புஸ்பம் அந்தத் தீவின் தெற்கில் இருக்கிறாள். ஒரே மகன் நிதுர்ஷன் வடக்கில் இருக்கிறான். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்தத் தீவு இரண்டாகக் கிடக்கிறது. தெற்கே கிரேக்கம் பேசுகிறவர்கள், வடக்கே துருக்கி பேசுகிறவர்கள், நடுவே யாரும் குடியிருக்காத ஒரு வெறும் நிலத்துண்டு. தலைநகரான நிக்கோசியாவைக்கூட அந்தத் துண்டு குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. நகரத்தின் ஒரு பக்கத்தில் தாய், மறுபக்கத்தில் மகன். இடையில் நாலு கிலோமீற்றர். மூன்று வருஷமாக ஒருவரையொருவர் கண்ணால் காணவில்லை. புஸ்பம் வெளிநாடு போனபோது நிதுர்ஷனுக்குப் பதினைந்து வயது என்பதால், சரியாகச் சொன்னால் அவர்கள் சந்தித்து ஒன்பது வருஷம்.

தெற்கே வந்தவர்களுக்கு ஒரு சட்டம், வடக்கே இறங்கியவர்களுக்கு ஒரு சட்டம். வடக்கு வழியாகத் தீவுக்குள் வந்த பிறநாட்டுக்காரனைத் தெற்கு உள்ளே விடாது. அதனால் மகன் தாயிடம் போக முடியாது. தாய் மகனிடம் போகலாம் என்று சிலர் சொன்னார்கள், போகக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். மகன் போன முதல் மாதமே புஸ்பம் கடவைக்குப் போய்ப் பார்த்தாள். இந்தப் பக்கம் விட்டார்கள். அந்தப் பக்கத்தில் கூண்டுக்குள் இருந்தவன் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்து, தலையை ஆட்டி, விளங்காத மொழியில் ஏதோ சொல்லித் திருப்பித் தள்ளினான். பின்னால் வரிசையில் நின்ற உல்லாசப் பயணிகள் எல்லாரும் பார்த்தார்கள். வெட்கத்தோடு திரும்பியவள் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அவள் பராமரிக்கிற கிழவியின் மகளும், வீண் சோலி எடுத்து விசாவைக் கெடுத்துக்கொள்ளாதே என்று சொல்லி வைத்திருந்தாள்.

நல்லரத்தினம் வாசித்த செய்திகளில், வடக்கில் விளைந்த உருளைக்கிழங்கும் தேனும் காகிதம் சரியாக இருந்தால் எல்லைக்கோட்டைத் தாண்டித் தெற்குச் சந்தைக்குப் போகலாம் என்றிருந்தது. அதை வாசித்த அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கிழங்குக்குத் திறக்கிற கதவு என்ர பொடியனுக்குத் திறக்காதா என்று அன்று முழுக்கப் பாதையில் ஏறியவர்களிடமெல்லாம் கேட்டார். அவர்களா பதில் சொல்வார்கள்? பாவம், மண்டூர்க் கோயிலுக்குப் போகிற சனம்.

இத்தனைக்கும் நிதுர்ஷனை அங்கே அனுப்பியவர் அவரேதான். உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்தவனுக்காகச் செங்கலடியில் ஒரு முகவரிடம் போனார். சைப்ரஸ், படிப்பு விசா, படித்துக்கொண்டே வேலையும் செய்யலாம் என்றார் முகவர். நல்லரத்தினம் ஒரேயொரு கேள்வி கேட்டார். இவனுடைய தாய் இருக்கிற தீவுதானே அது? ஓம் ஐயா, அதே தீவுதான் என்றார் முகவர். அதில் பொய்யில்லை. வீட்டுக்கு வந்து புஸ்பத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பொடியன் உன் கையால் சாப்பிடுவான் என்று சொன்னார். அவளும் நம்பினாள். துருக்கியில் விமானம் மாறி இறங்கிய மகன், அப்பா, இங்கே வேறு கொடி பறக்கிறது, அம்மா அனுப்பிய படங்களில் இருக்கிற கொடி இல்லை என்று சொன்ன பிறகுதான் மனிதருக்கு விளங்கியது.

வேறு யாராவது இந்தப் பிழையை விட்டிருந்தால் மன்னிக்கலாம். தீவு என்றால் அது ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்க உலகத்தில் எவனுக்கும் உரிமை உண்டு, மட்டக்களப்பானுக்கு மட்டும் இல்லை. அதிலும் நல்லரத்தினத்துக்குக் கொஞ்சமும் இல்லை. அவர் பிறந்தது வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில், குறுமண்வெளியில். கலியாணம் முடித்தது மேற்கே, படுவான்கரையில், மண்டூரில். அவர் முடித்த தொண்ணூற்று நாலில், யுத்த காலத்தில், எழுவான்கரை ஆமியின் கையில், படுவான்கரை போராளி இயக்கத்தின் கையில். பெற்ற தாய் ஒரு ஆட்சியில், கட்டியவள் மறு ஆட்சியில். துறையில் சோதனைச்சாவடி. பற்றரி போகாது, சீமெந்து போகாது, யூரியா போகாது. மண்ணெண்ணெயை அளந்து விடுவார்கள். குளிக்கிற சவர்க்காரம் ஒருவருக்கு ஒன்று. கிராம சேவகர் எழுதிய துண்டு இல்லாமல் ஒரு குழந்தைக்குப் பால்மா கொண்டுபோக முடியாது. பதின்மூன்று வருஷம் அப்படித் தாண்டித் திரிந்த மனிதர், முகவரிடம் அந்தத் தீவில் சாவடி இருக்கிறதா என்று ஒரு சொல் கேட்கவில்லை. வெளிநாட்டில் அதெல்லாம் இருக்காது என்று நினைத்துவிட்டார். இந்த நினைப்பு அவரை மூன்று வருஷமாகத் தின்கிறது.

வீட்டில் அவர் தனி. இங்கெல்லாம் வீடு பெண்ணுக்கு, சீதனமாக வருவது. ஆண் கலியாணம் முடித்து அந்த வீட்டுக்குள் போவான். அந்த வளவைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் புஸ்பத்தின் குடி, புஸ்பத்தின் சொந்தம். நல்லவர்கள், வாங்க, இருங்க என்பார்கள். ஆனால் அவளில்லாத வீட்டில் அவளுடைய புருஷன் என்ன கணக்கு? விருந்தாளிதான். ஒன்பது வருஷமாகத் தன் வீட்டிலேயே விருந்தாளியாக இருந்து பார்த்தால் தெரியும். அடுப்பில் ஒரு சுண்டு அரிசி போட்டால் இரண்டு நேரத்துக்குக் காணும், மூன்றாம் நேரம் நாய்க்கு. யாரோடும் சண்டை பிடிக்கக்கூட ஆளில்லை. அக்கரையில் இருக்கிற தமக்கை ஆச்சிப்பிள்ளை கிழமைக்கு ஒருநாள் மீன்குழம்பு வைத்துப் பாதையில் கொடுத்துவிடுவார். வந்து என்னோடு இரு தம்பி என்று கேட்டும் பார்த்துவிட்டார். வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் நாளைக்கு அவள் வந்து எங்கே இறங்குவாள் என்று மறுத்துவிட்டார் நல்லரத்தினம்.

அவள் வரத்தான் போகிறாள். இந்தச் சித்திரையோடு ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷம் இரு என்று கிழவியின் மகள் கேட்டதற்கு, ஏலாது, என்ர மனிசன் தனிய என்று சொல்லிவிட்டதாகப் புஸ்பம் தைப்பொங்கலுக்கே அறிவித்திருந்தாள். அன்றிலிருந்து நல்லரத்தினம் நாளை எண்ணத் தொடங்கினார். சுவருக்கு வெள்ளை அடித்தார். கிணற்றடிக்குப் புதுக் கிடுகு வைத்து மறைப்புக் கட்டினார். அவள் வரும் முன் ஒருதரமாவது மகனைக் கண்டுவிட்டு வரட்டும். அவருக்கு வேண்டியது இந்த இரண்டும்தான்.

மாசி மாதத்தில் நிதுர்ஷன் விழுந்தான். அவன் பேருக்குப் படித்து, கட்டட வேலையில் அடுத்தவர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தான். சாரம் சரிந்து இரண்டாம் மாடியிலிருந்து மணலில் விழுந்ததால் உயிர் தப்பியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. வெட்டி, தகடு வைத்து, மாவுக்கட்டுப் போட்டு ஐந்தாம் நாள் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அறையில் அவனோடு நாலு பேர், நாலு பேரும் விடிய வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார்கள். பகல் முழுக்க ஒரு போத்தல் தண்ணீரும் பாணும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கிடந்தான். அம்மா பாவம், அவவுக்குப் பகிடிபோலச் சொல்லுங்கள் என்று தகப்பனிடம் கெஞ்சினான். தகப்பனுக்குப் பகிடி வரவில்லை.

புஸ்பம் உடுப்புக் காயப்போடுகிற மொட்டை மாடியில் நின்றால் வடக்குப் பக்கத்து மலை தெரியும். அந்த மலைக்கு இந்தப் பக்கத்தில், கண்ணுக்கெட்டுகிற ஏதோ ஒரு கூரைக்குக் கீழே மகன் கிடக்கிறான். அங்கே நின்றுகொண்டு அவள் நல்லரத்தினத்துக்குத் தொலைபேசி எடுத்து அழுதாள். நீங்கள்தானே அனுப்பினீர்கள் என்று மூன்று வருஷத்தில் முதற்தரமாகச் சொன்னாள். ஓம், நான்தான் என்றார் அவர்.

பிறகு நல்லரத்தினம் கேட்டார், பேச்சுவார்த்தை இந்தக் கிழமையும் நடக்கிறதுதானே? அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். தூதர்கள் வந்திறங்கிவிட்டார்கள், இரண்டு தலைவர்களும் ஒரே மேசையில் இருந்த படம் பத்திரிகையில் வந்துவிட்டது, புதுக் கடவைகளைப் பற்றியும் பேசுகிறார்கள். அது முடிந்து நல்ல முடிவு வரட்டும், கதவு திறக்கட்டும், போகிறேன் என்றாள் புஸ்பம்.

"முடியுமட்டும் பாத்துக்கொண்டிராத புள்ள. பேச்சு நடக்கக்குள்ளயே போ" என்றார் நல்லரத்தினம்.

இது அவர் சும்மா சொன்னதல்ல, துறையில் படித்தது. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிற நாட்களில் சாவடியில் நிற்கிறவன் இளகி நிற்பான். நாளைக்கு என்ன சட்டம் வரப்போகிறது என்று அவனுக்கே தெரியாது. யாரையும் பகைத்துக்கொள்ள மனம் வராது. தொண்ணூற்றைந்தில் பேச்சு நடந்த மாதங்களில்தான் மண்டூர் வீட்டின் குசினிக்குச் சீமெந்து வந்தது, நாலு பை, ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேச்சு முறிந்த கிழமை ஒரு டோர்ச் பற்றரிக்காக அவரை விடியத் தொடங்கிப் பொழுதுபடுமட்டும் வெயிலில் இருத்தி வைத்தார்கள். பேச்சு வெற்றியாக முடிந்தாலும் புதுச் சட்டம் வரும், புதுப் படிவம் வரும், அதில் உன் பேர் இருக்காது. தோல்வியாக முடிந்தாலும் அப்படித்தான். முடிவு பெரியவர்களுக்கு. இடைப்பட்ட நாள்தான் எங்களுக்கு. இப்படித்தான் அவர் நினைத்தார், இதில் பிழை பிடிக்க எனக்கும் ஒன்றுமில்லை.

அன்று தொடங்கி அவர் மனைவிக்குப் பாடம் எடுத்தார். ஊர்ச் சனத்துக்காகச் சாவடியில் போய்க் கதைக்கிற ஆளாகப் பதின்மூன்று வருஷம் இருந்தவருக்குப் படிப்பிக்க நிறைய இருந்தது. காவல் மாறின உடனே போகாதே, புதிதாக வந்து நிற்கிறவன் தன் அதிகாரத்தைக் காட்டப் பார்ப்பான். முடிகிற நேரமும் வேண்டாம், பசியில் எரிந்து விழுவான். மாறி ஒரு மணித்தியாலம் கழித்துப் போ. பெரிய பை கொண்டுபோகாதே. சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, மூடி கண்ணாடிபோல் இருக்கட்டும், உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியட்டும். கதை சொல்லத் தொடங்காதே, அழாதே, அழுகிற ஆட்களை அவன் நாளுக்கு நூறு பேர் கண்டிருப்பான். காகிதத்தை முதலில் நீட்டு. மகன் காலில் கட்டோடு கிடக்கிற படத்தைக் கையில் வைத்திரு, கேட்டால் மட்டும் காட்டு. ஆகக் கடைசியாக ஒன்றைச் சொன்னார், அதை இரண்டுதரம் சொன்னார்.

"போகலாமா எண்டு கேக்காத. எத்தின மணிக்குள்ள திரும்பி வரணும் எண்டு கேளு."

போகலாமா என்று கேட்டால் இல்லை என்று சொல்வது சுகம். எத்தனை மணிக்குள் என்று கேட்டால் அவன் மணிக்கூட்டைப் பார்ப்பான். மணிக்கூட்டைப் பார்த்தவன் மனதுக்குள் உன்னை ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டான். யூரியாவும் பால்மாவும் தமக்கையின் மகளுடைய பிள்ளைப்பேறும் இந்த ஒரு கேள்வியில் வாவியைத் தாண்டியவை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லாம் சொன்னபடி செய்தேன், விடவில்லை, இனி என்னால் ஏலாது என்றாள். நல்லரத்தினம் ஆறுதல் சொல்லவில்லை. ஆள் யார், முகத்தைப் பார்த்தாயா என்று கேட்டார். கண்ணாடி போட்ட இளந்தாரி, கன்னத்தில் ஒரு தழும்பு என்றாள். நன்றி சொல்லிவிட்டு வந்தாயா? வந்தேன். அப்படியானால் புதன்கிழமையும் அவனிடமே போ, வேறு ஆளிடம் போகாதே என்றார். கிழவியின் மகளிடம் இரண்டு மணித்தியாலம் கேட்டு வாங்கிக்கொண்டு புதன்கிழமையும் போனாள். அன்றும் விடவில்லை. ஆனால் பெட்டிக்குள் என்ன என்று கேட்டானாம். சோறும் கோழிக்கறியும், மகனுக்கு என்றாளாம்.

"கேட்டானா?" நல்லரத்தினம் பாதையின் நடுவில் எழுந்து நின்றுவிட்டார். "கேட்டானெண்டா அரைவாசி திறந்திட்டு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கே பகல் ஒன்றரை மணிக்கு, போகிறேன் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பாதை ஐந்துதரம் போய் வந்தது. மண்டூர்த் துறையில் கயிற்றை அவிழ்க்க மறந்து நின்றதில் எஞ்சின்காரர் சத்தம் போட, ஏறியிருந்தவர்கள் சிரித்தார்கள். தூதருக்கு இன்றைக்கு என்ன செய்தியுமில்லையா என்று ஒருவர் சீண்டிப் பார்த்தார். மனிதர் பேசாமல் நிற்பதைக் கண்டு சனமும் மெல்ல அடங்கிவிட்டது. திருப்பி அனுப்பியிருந்தால் உடனே எடுத்திருப்பாள். எடுக்கவில்லை என்றால் போயிருப்பாள். இல்லாவிட்டால் பிடித்து வைத்திருப்பார்கள். பிடித்து வைத்திருந்தால் விசா போகும், அதுவும் என்னால். இப்படியே மாறி மாறி நினைத்தபடி தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐந்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. வீடியோ அழைப்பு. நடு வாவி. ஒரு பக்கம் ஒதுங்கிக் கம்பியில் சாய்ந்துகொண்டு எடுத்தார்.

அந்தச் சிறிய சதுரத்துக்குள் இரண்டு முகம். ஒன்பது வருஷமாக இந்த முகம் ஒரு அழைப்பில், அந்த முகம் இன்னொரு அழைப்பில் என்று பார்த்துப் பழகிய மனிதருக்கு முதலில் ஏதோ பிழையாகத் தெரிந்தது. பிறகுதான் விளங்கியது. மகன் கட்டிலில் சாய்ந்து கிடந்தான், தாடி வளர்த்திருந்தான். புஸ்பம் அவனுடைய தலைமாட்டில் இருந்தாள். கையில் சோறு ஒட்டியிருந்தது, தீத்தியிருக்கிறாள். இருபத்துநாலு வயது ஆம்பிளைக்குச் சோறு தீத்துகிறாளே என்று சொல்லிச் சிரிக்க நினைத்தவர் தொலைபேசியை இன்னும் கிட்டக் கொண்டுவந்தார். சாவடியில் அந்தக் கண்ணாடி போட்டவன் மணிக்கூட்டைப் பார்த்தான், ஐந்து மணிக்குள் வா என்றான், அவ்வளவுதான் என்று புஸ்பம் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்பா, அம்மா கட்டையாகிப் போனா என்றான் நிதுர்ஷன். நீ வளர்ந்தாய் மனே, நான் கட்டையாகவில்லை என்றாள் அவள். பிறகு தாயும் மகனும் தங்களுக்குள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். அறை என்ன இப்படி நாறுகிறது, இந்த மெத்தையை யார் தந்தது, நகத்தை வெட்டக் கூடாதா. தொலைபேசி எங்கேயோ சாய்ந்து கூரையைக் காட்டிக்கொண்டிருந்தது. நல்லரத்தினம் கூரையைப் பார்த்துக்கொண்டு அவர்களுடைய குரலைக் கேட்டுக்கொண்டு நின்றார். பாதை கரை தட்டியது, சனம் இறங்கிப் போனது. அவரும் அழைப்பில் இருக்கிறார் என்ற நினைவு அங்கே யாருக்கும் வரவில்லை. கடைசியில் மகன்தான் கேட்டான்.

"அப்பா, இரிக்கிறீங்களா?"

இருக்கிறேன் என்றார். அங்கே இப்போது ஒன்றரை மணி. ஐந்து மணிக்கென்றால் நாலுக்கே போய் நில் என்று புஸ்பத்திடம் சொன்னார். சொன்ன நேரத்துக்கு முன் திரும்புகிற ஆளைத்தான் சாவடி ஞாபகம் வைத்திருக்கும். அவள் நாலுக்கு முன்பே போய் நின்றாள். கண்ணாடி போட்டவன் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினானாம், இந்தமுறை அது வேறு ஆட்டமாம்.

நல்லரத்தினத்தை அந்தக் கிழமை பிடித்து வைக்க முடியவில்லை. ஏறுகிற எல்லாருக்கும் சொன்னார். றிஸான் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, அல்லாஹ் பெரியவன் அண்ணன் என்றான், அவனுக்கும் கண் கலங்கியது. ஆச்சிப்பிள்ளை அக்கா பாயாசம் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறும் போனாள் புஸ்பம், அதற்கடுத்த ஞாயிறும் போனாள். பெட்டியில் கண்ணாடிக்காரனுக்கும் தன் கையால் பொரித்த பற்றிஸ் இரண்டு வைத்தாள். அதை அவர் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாகவே பிடித்துக்கொண்டாள். பேச்சுவார்த்தை முடிந்தது. பயனுள்ளதாக இருந்தது, மீண்டும் கூடுவோம் என்று அறிக்கை வந்தது. புதுக் கடவையில் எதைத் திறப்பது என்பதில் இன்னும் இழுபறி. அதற்குள் புஸ்பம் அந்தச் சாவடிக்குத் தெரிந்த முகமாகிவிட்டாள்.

பங்குனி கடைசியில் ஒரு நாள் விடிய, அவர் துறைக்கு வெளிக்கிடுகிற நேரத்தில் அழைப்பு வந்தது. அங்கே இன்னும் விடிந்திருக்காது. இந்த நேரத்தில் ஏன் எழும்பினாய் என்று கேட்டார். நித்திரை வரவில்லை என்றாள். நிதுர்ஷனுடைய கால் சரியாகப் பொருந்தவில்லையாம், மறுபடி வெட்ட வேண்டுமாம், நடக்க வருஷம் செல்லுமாம். அவனை ஊருக்கு வா என்றால், ஒன்றுமில்லாமல் நொண்டிக்கொண்டு வர மாட்டேன் என்று அடம் பிடிக்கிறான். கிழவியின் மகள் மேலும் இரண்டு வருஷத்துக்குக் காகிதம் கொண்டுவந்து மேசையில் வைத்திருக்கிறாள். இன்றைக்குக் கையெழுத்துப் போடாவிட்டால் வேறு ஆள் எடுப்பார்கள். நான் வந்துவிட்டால் இந்தத் தீவில் அவனுக்கு ஒரு மனிதர் இல்லை. இருந்தால் ஞாயிற்றுக்கு ஞாயிறு போய்ப் பார்க்கலாம், இப்போது விடுகிறார்கள்.

இதெல்லாம் அவள் ஒரே மூச்சில் சொன்னாள், பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்தவள்போல. நல்லரத்தினம் வெள்ளை அடித்த சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அந்தக் கதவைத் திறக்கப் படிப்பித்தவர் அவர்தான். அது திறந்திராவிட்டால் இன்னும் பதினைந்து நாளில் அவள் இந்த வாசலில் வந்து இறங்கியிருப்பாள். இதை நினைத்த உடனேயே, இப்படியும் ஒரு தகப்பன் நினைப்பானா என்று அவருக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது. ஆனாலும் நினைத்தார்.

"நீங்க வா எண்டு சொன்னா நான் வந்திருவன்" என்றாள் புஸ்பம். "நீங்க சொல்லுங்க."

ஊருக்கெல்லாம் அவர் கேட்டிருக்கிறார். யூரியாவுக்குக் கேட்டார், சீமெந்துக்குக் கேட்டார், அடுத்தவன் பிள்ளையின் பால்மாவுக்குத் துவக்கின் முன்னால் நின்று கேட்டார். தனக்காக ஒருவரிடம் ஒன்று கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. எனக்கு வயது அறுபத்தொன்று, இந்த வீட்டில் என்னால் இனித் தனியே இருக்க ஏலாது, வா. இவ்வளவும்தான் சொல்ல இருந்தது.

"நீ இரி புள்ள" என்றார். "பொடியனப் பாரு."

சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றார். மழை பெய்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். அந்தப் பக்கத்தில் அவள் மூச்சு விடுவது கேட்டது. வா என்ற அந்த ஒரு சொல்லுக்காக அவள் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டுத்தான் தொலைபேசியை வைத்தாள்.